வெனிஸ் தீவு அரங்கமும் அதே மனையில் புதைந்திருக்கும் தொட்டியும்

ஃபிலடெல்ஃபியாவின் மானயங்க் பகுதியில் குடியிருப்பதாகவும், வாரந்தோறும் மகளை நடன ஒத்திகைக்காக வெனிஸ் தீவில் உள்ள நிகழ்த்துகலை, பொழுதுபோக்கு மையத்துக்கு அழைத்துச் செல்வதாகவும், அந்த வளாகத்தில் தரைக்கு அடியில் மிகப் பெரிய கழிவுநீர்த் தொட்டி ஒன்று இருப்பதாகத் தெரிந்த நாளிலிருந்து மனம் ஒப்பவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆறு ஏறி வரும் இடத்தில் தொட்டியையும் கட்டி, பிள்ளைகள் புழங்கும் மையத்தையும் அதே இடத்திலேயே ஏன் திரும்பக் கட்டினார்கள் என்பது உங்கள் முதல் கேள்வி. இத்தனை பெரிய தொட்டி இருந்தும் 2021இல் ஐடா புயலின்போது மானயங்க் ஏன் மூழ்கியது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் ஓர் எண்ணம் இருப்பதாக எனக்குப் படுகிறது: வெள்ளத்திலிருந்து ஊரைக் காக்கத்தான் அந்தத் தொட்டி என்று நினைக்கிறீர்கள். அது அப்படியல்ல. அதைச் சொல்லிவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், நீரேற்று நிலையம் ஆகிய பணிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். முதலில் தமிழ்நாட்டில், பிறகு அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில். வெனிஸ் தீவுத் திட்டத்தில் நான் வேலை செய்ததில்லை. அதன் வரைபடங்களையும் பார்த்ததில்லை. ஆகவே அந்த மையத்தைப் பற்றிச் சொல்வது பொதுவெளியில் உள்ள செய்தி. இவ்வகைத் தொட்டிகளும் கட்டடங்களும் எப்படி நடந்துகொள்ளும் என்பது மட்டுமே என் தொழில் அறிவு. இந்த இரண்டையும் கலக்காமல் படியுங்கள்.

இடத்தின் அமைப்பிலிருந்து தொடங்குவோம். வெனிஸ் தீவு என்பது இயற்கையாக ஆற்று நடுவில் எழுந்த தீவு அல்ல. ஒரு பக்கம் ஸ்கூல்கில் ஆறு, மறுபக்கம் மானயங்க் கால்வாய்; நடுவில் மிஞ்சிய நீண்ட, ஒடுங்கிய நிலத் துண்டுதான் அது. 1815இல் உருவான ஸ்கூல்கில் நீர்வழி நிறுவனம் படகுப் போக்குவரத்துக்காக வெட்டிய கால்வாய் அது. அந்தக் கால்வாய் நீரின் விசையை நம்பித்தான் அங்கே நெசவாலைகள் வந்தன, ஆலைகளைச் சுற்றி ஊர் வளர்ந்தது. மானயங்க் என்ற பெயரே நீர் அருந்தும் இடம் என்று பொருள்படும், அப்பகுதிப் பூர்வகுடிகளின் லெனாபே மொழிச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். இது வெறும் பெயர்க்கதை அல்ல. ஃபிலடெல்ஃபியா நகருக்குக் குடிநீர் தரும் மூன்று சுத்திகரிப்பு நிலையங்களில் குவீன் லேன், பெல்மான்ட் ஆகிய இரண்டும் ஸ்கூல்கில் ஆற்றிலிருந்தே நீர் எடுக்கின்றன. அவற்றின் நீரெடுப்பு இடங்கள் இரண்டுமே மானயங்குக்குக் கீழே, ஆறு ஓடும் திசையில் உள்ளன. மானயங்க் கரையில் கழிவு ஆற்றில் கலந்தால் அது கீழே குடிநீர் எடுக்கும் இடத்தை நோக்கித்தான் போகும்.

இனி சாக்கடையின் நடத்தை. வீடுகளிலிருந்து வரும் கழிவுநீர் பெரும்பாலும் மோட்டார் இல்லாமல், சரிவினாலேயே ஓடுகிறது. மேட்டில் இருக்கும் ராக்ஸ்பரோவிலிருந்து பள்ளத்தில் இருக்கும் மானயங்குக்கு இறங்கி, ஆற்றோரமாகப் படுத்திருக்கும் பெருங்குழாயில் சேர்ந்து, அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. ஃபிலடெல்ஃபியாவில் ஏறத்தாழ 60 சதவீதப் பகுதியில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய்தான். தனித்தனிக் குழாய் இருக்கும் பகுதிகளிலும் பழைய இணைப்புகளின் இடுக்கு வழியாகவும், கூரைநீரைத் தவறாகச் சாக்கடையில் விட்டிருக்கும் வீடுகள் வழியாகவும் மழைநீர் உள்ளே புகுந்துவிடுகிறது. வெயில் நாளில் குழாயின் கால்பங்கில் ஓடும் நீர், கனமழை பெய்த அரைமணி நேரத்தில் குழாயை முட்டிவிடும். முட்டிய நீருக்குப் போக்கிடம் வேண்டும்; இல்லையென்றால் அது தாழ்வான வீடுகளின் நிலவறைக் கழிப்பறைகள் வழியாக மேலே வரும். அதனால்தான் பழைய நகரங்களில் ஆற்றுக்குத் திறக்கும் வழிவுகளை வைத்தார்கள். ஏரிக்குக் கலிங்கு இருப்பதைப்போலத்தான் அதுவும். வேறுபாடு என்னவென்றால், கலிங்கில் வழிவது நல்ல நீர், இதில் வழிவது சாக்கடை.

அந்த வழிவைக் குறைப்பதற்குத்தான் வெனிஸ் தீவின் தொட்டி. அதன் கொள்ளளவு சுமார் 40 லட்சம் கேலன், அதாவது ஏறக்குறைய 1.5 கோடி லிட்டர். நம் ஊர்க் கணக்கில், 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஆயிரத்து இருநூற்றைம்பதுக்கு மேல் நிற்கும் அளவு. மழை இல்லாத நாள்களில் அது காலியாகவே கிடக்க வேண்டும். காலியாக இருப்பதுதான் அதன் வேலையில் பாதி. பெருங்குழாயில் நீர் ஒரு மட்டத்தைத் தாண்டும்போது உபரி மட்டும் தொட்டிக்குள் விழும். மழை நின்று, குழாயில் இடம் ஏற்பட்ட பிறகு, பம்புகள் அந்த நீரை மீண்டும் குழாய்க்குள் ஏற்றிச் சுத்திகரிப்புக்கு அனுப்பும். ஆகவே உங்கள் மகள் ஆடும் இடத்துக்கு அருகில் எந்நேரமும் ஒன்றரைக் கோடி லிட்டர் சாக்கடை தேங்கிக் கிடப்பதாக எண்ண வேண்டாம்.

ஏன் அங்கே என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. உபரியைத் தாங்கும் தொட்டி பெருங்குழாயின் பக்கத்தில், அதைவிடத் தாழ்வாக இருந்தால்தான் நீர் தானாக உள்ளே விழும். மானயங்கில் பெருங்குழாய் ஆற்றோரம் போகிறது. அதை ஒட்டியிருக்கும் மெயின் தெரு முழுவதும் பழைய கடைகளும் வீடுகளும். அதற்குப் பின்னால் செங்குத்தான மலைச்சரிவு. 15,000 கன மீட்டர் பள்ளம் தோண்டுவதற்குத் தகுந்த, பொதுச் சொத்தாக உள்ள, யாரையும் வீட்டைவிட்டு எழுப்பத் தேவையில்லாத நிலம் என்று தேடினால், பழைய விளையாட்டு, பொழுதுபோக்கு மையம் இருந்த மனையில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும். அதைத் தோண்டுவதென்றால் பழைய மையத்தை எடுத்தாக வேண்டும். எடுத்தால் மக்களுக்குத் திரும்பக் கொடுத்தாக வேண்டும். நகரின் நீர்த்துறையும் பூங்கா, பொழுதுபோக்குத் துறையும் சேர்ந்து செய்த அந்தத் திட்டத்தில் 250 இருக்கைகள் கொண்ட அரங்கம், கூடைப்பந்துத் தளங்கள், குழந்தைகளுக்கான நீர்த்தெளிப்பு விளையாட்டிடம் ஆகியவற்றோடு புதிய மையம் 2014இல் திறக்கப்பட்டது. தொட்டிக்கு இடம் விட்டதற்கு ஈடாக ஊருக்குக் கிடைத்ததுதான் அரங்கம் என்று சொன்னால் பெரிய பிழை இருக்காது.

இது சரியான முடிவுதானா என்று கேட்டால், என் மதிப்பீடு இரண்டாகப் பிரியும். தொட்டிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கூடைப்பந்துத் தளம், புல்தரை, நீர்த்தெளிப்பு ஆகியவையும் அங்கே இருக்கலாம். வெள்ளம் வந்தால் மூழ்கட்டும், வடிந்ததும் சேற்றைத் தள்ளிக் கழுவிவிட்டால் போதும். ஆனால் இருக்கைகளும் திரையும் விளக்குகளும் ஒலிக்கருவிகளும் கொண்ட மூடிய அரங்கத்தை ஆற்றின் வெள்ளச் சமவெளியில் வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. வைக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். வைத்தால் அதற்கென்று ஆண்டுதோறும் செலவும் கவனமும் தேவைப்படும் என்பதைத் திறப்பு விழா நாளிலேயே கணக்கில் எழுதிவிட வேண்டும் என்பேன்.

இப்போது ஐடாவுக்கு வருவோம். 2021 செப்டம்பர் 2 அன்று ஃபிலடெல்ஃபியாவில் உள்ள அளவீட்டு நிலையத்தில் ஸ்கூல்கில் ஆறு 16.35 அடி மட்டத்தை எட்டியது. அங்கே வெள்ள நிலை தொடங்குவது 11 அடியில். 1869க்குப் பிறகு ஆறு அவ்வளவு உயரம் ஏறியதில்லை. அந்த நீரில் பெரும்பகுதி மானயங்கில் பெய்த மழை அல்ல. மேலே பல மாவட்டங்களில் பெய்து, ஓடைகள் வழியாகத் திரண்டு வந்த நீர். இப்படிப்பட்ட பெருவெள்ளத்தில் இந்த ஆற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி என்ற அளவில் நீர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் கொள்ளளவு 5.35 லட்சம் கன அடிக்குச் சற்றுக் குறைவு. ஆறு முழுவதையும் அதற்குள் திருப்பிவிட முடிந்தாலும் ஐந்து விநாடிகளில் நிரம்பிவிடும். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவர்கள் அந்தத் தொட்டியை வெள்ளத்தடுப்பு என்று இனி அழைக்கமாட்டார்கள். ஆண்டுக்குப் பலமுறை பெய்யும் சாதாரண கனமழையின்போது ஆற்றில் சாக்கடை கலக்காமல் பார்த்துக்கொள்வதற்காக அமைந்த ஏற்பாடு அது. ஐடாவன்று அது ஊரைக் காக்கவில்லை என்பது அதன் தோல்வியாகாது.

ஆனால் ஆற்று வெள்ளத்துக்கும் தொட்டிக்கும் வேறொரு வகையில் தொடர்பு உண்டு. வெளியாள் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. எங்களைப்போன்றவர்களுக்குத் தூக்கம் போவது அதனால்தான். ஆறு ஏறும்போது கரையோர மண்ணுக்குள்ளும் நீர் ஏறும். மண்ணுக்குள் நீர் நிறைந்திருக்க, தொட்டிக்குள் ஒன்றும் இல்லையென்றால், அந்தத் தொட்டி ஒரு கப்பலுக்குச் சமம். 15,000 கன மீட்டர் வெற்றிடத்தைச் சுற்றி நிலத்தடி நீர் கூரை மட்டம் வரை நின்றால், மேல்நோக்கித் தள்ளும் விசை குறைந்தது 15,000 டன். கான்கிரீட்டின் பருமனையும் சேர்த்தால் இன்னும் கூடும். இதற்கு எதிராகக் கனமான அடித்தளம், தடித்த சுவர்கள், மேலே மண்பாரம், தேவைப்பட்டால் அடியில் உள்ள பாறைக்குள் துளையிட்டு இறக்கிக் கட்டும் எஃகுக் கம்பிகள் என்று எல்லாவற்றையும் கணக்கிட்டுத்தான் வடிவமைப்பார்கள்.

இதை நான் ஏட்டில் கற்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், கடலோர நகரம் ஒன்றில் நீரேற்று நிலையத்துக்காக ஒரு கான்கிரீட் சம்ப் கட்டிக்கொண்டிருந்தோம். சுவர் எழுப்பியாயிற்று, மேல்தளம் இன்னும் போடவில்லை. ஐப்பசி அடைமழை. தீபாவளிக்கு ஆள்களை ஊருக்கு அனுப்பிய ஒப்பந்ததாரர், டீசல் செலவை மிச்சப்படுத்துவதற்காக ஊற்றுநீர் இறைக்கும் மோட்டாரையும் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். மூன்றாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது சம்ப் ஒரு பக்கமாக ஒன்றரை அடி எழும்பி, சாய்ந்த அண்டாவைப்போல நின்றது. உள்வரும் குழாய் சுவரோடு சேரும் இடத்தில் முறிந்து கிடந்தது. “ராத்திரி கரகரன்னு சத்தம் கேட்டுச்சு சார், மணல் லாரிதான் போகுதுன்னு நெனச்சேன்” என்றார் காவலர். சம்ப்புக்குள் நாலடி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு வைத்திருந்தாலே அது எழும்பியிருக்காது. அதன்பிறகு எந்த நிலத்தடித் தொட்டியின் வரைபடம் வந்தாலும் நான் முதலில் தேடுவது மிதப்புக் கணக்கு எழுதிய பக்கத்தைத்தான்.

கட்டடத்தின் பாதுகாப்பைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் விதி ஓரளவு தெளிவானது. எந்த ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தின் மட்டத்தை வரைபடத்தில் குறித்திருப்பார்கள். குடியிருப்பு அல்லாத புதிய கட்டடத்தின் தரைத்தளம் அந்த மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அல்லது அந்த மட்டம் வரை சுவர்களும் கதவுகளும் நீர் புகாதபடி அமைந்திருக்க வேண்டும். தளத்தை உயர்த்தி அடியில் மூடிய இடம் விட்டால், அங்கே நீர் தடையின்றிப் புகுந்து வெளியேறுவதற்கு, ஒரு சதுர அடிப் பரப்புக்கு ஒரு சதுர அங்குலம் என்ற கணக்கில் துளைகள் விட வேண்டும். அதற்கென்று கட்டாத சுவரால் நீரை வெளியே நிறுத்தப் பார்த்தால் சுவர் சாயும், உள்ளே விட்டால் கட்டடம் நிற்கும் என்பதுதான் இதன் பின்னால் உள்ள எண்ணம். இவற்றோடு, மின் பேனல், டிரான்ஸ்ஃபார்மர், குளிரூட்டும் கருவி ஆகியவற்றை மேலே வைப்பதும், தரைக்குப் பக்கத்தில் ஜிப்சம் பலகைக்கு மாறாக கான்கிரீட், ஓடு ஆகியவற்றைப் பயன்படுத்துவதும் வழக்கம். மரத்தளம் மட்டும் எப்போதும் தலைவலி. ஆடுவதற்கும் பந்து விளையாடுவதற்கும் மேப்பிள் பலகைக்கு இணை இல்லை. ஆனால் ஒரு நாள் நீரில் ஊறினால் அப்பளம்போல விளிம்பு தூக்கிக்கொள்ளும், மீண்டும் படியாது.

இந்த 1 சதவீத வெள்ளத்துக்கு வழங்கும் நூறாண்டு வெள்ளம் என்ற பெயர் பலரை ஏமாற்றுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1 சதவீதம் என்பது ஓர் ஆண்டுக்கான வாய்ப்பு. முப்பது ஆண்டு நிற்கப்போகும் கட்டடத்துக்கு, அந்த வெள்ளத்தை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம். இது வெறும் பெருக்கல் கணக்கு, ஐயத்துக்கு இடமில்லாதது. ஐயத்துக்கு இடமுள்ளது அந்த 1 சதவீதமே. அது கடந்தகால அளவீடுகளிலிருந்து எடுத்த எண். மழையின் போக்கு மாறிவரும்போது நாளைக்கும் அது 1 சதவீதமாகவே இருக்கும் என்று பொறுப்புள்ள பொறியாளர் யாரும் கையெழுத்திடமாட்டார். அதனால்தான் விதி கேட்பதற்கு மேல் இரண்டடி, மூன்றடி கூட்டி வைப்பதைச் சிக்கனமின்மை என்று நான் கருதுவதில்லை.

நாற்றம், நச்சுக்காற்று பற்றியும் கேட்டிருந்தீர்கள். கழிவுநீர் பல மணி நேரம் அசையாமல் தேங்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. மழைநீரால் நீர்த்துப்போன கழிவு சீக்கிரம் கெடுவதில்லை. ஆனால் தொட்டியைக் காலிசெய்த பிறகு அடியில் தங்கும் வண்டல் கெடும். ஆகவே தேக்கிவைத்த நீரை ஒரே பாய்ச்சலில் விட்டுத் தரையைக் கழுவும் ஏற்பாடும், உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிக் கரி வடிகட்டி வழியாக வெளியேற்றும் ஏற்பாடும் இவ்வகைத் தொட்டிகளில் பொதுவாக இருக்கும். கரிக்கு ஆயுள் உண்டு. காலம் தாழ்த்தினால் முதலில் அதை உணர்வது அக்கம்பக்கத்தவர் மூக்குதான். மையத்துக்குச் செல்லும்போது எப்போதாவது லேசாக நாற்றம் வந்தால் அஞ்ச வேண்டாம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் நீடித்தால் நாளும் நேரமும் குறித்து நகராட்சிக்குத் தெரிவியுங்கள். நாற்றம் அடிக்கிறது என்று மட்டும் சொல்லும் புகாரைவிட, எந்த மழைக்குப் பிறகு, எத்தனை மணிக்கு என்று குறித்த புகாருக்குத்தான் பராமரிப்பவர்களிடம் மதிப்பு.

மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் மழைத்தோட்டங்கள் இருக்கும்போது தொட்டி எதற்கு என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஃபிலடெல்ஃபியா 2011இல் தொடங்கிய 25 ஆண்டுத் திட்டம் பெரும்பாலும் மழைநீரை விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறக்குவதை நம்பியது. புதிய கட்டுமானங்கள் முதல் ஒரு அங்குல மழையைத் தம் மனையிலேயே சமாளிக்க வேண்டும் என்ற விதி, 2015இல் ஒன்றரை அங்குலமாக உயர்ந்தது. அது நல்ல வழி; ஆனால் அதன் பலன் மேட்டுப்பகுதியில்தான் கிடைக்கும். ஆற்றோரத் தீவில் நாலடி தோண்டினாலே நீர் கசியும் மண்ணில் மழைத்தோட்டம் எவ்வளவு குடிக்கும்? மேலே ஆயிரம் தோட்டங்கள் முளைத்துக் குழாயின் பாரம் குறையும் வரை கீழே தொட்டி இருந்தாக வேண்டும்.

கடைசியாக, நீங்கள் செய்யக்கூடியது. மகளை அனுப்புவதை நிறுத்த வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்தத் தீவில் ஆபத்து தொட்டியிலிருந்து வருவதில்லை. திரும்பிப் போகும் வழியிலிருந்து வருகிறது. கால்வாயைக் கடக்கும் பாலங்கள்தான் வெளியேறும் வழி. கட்டடம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பாலத்தின் இரு முனையிலும் நீர் ஏறிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் உள்ளேதான். மானயங்கில் வானம் வெளுத்திருக்கும்போதும், மேலே பெய்த மழையால் ஆறு ஏறலாம். ஆகவே பெருமழைக்கு மறுநாள் கிளம்புமுன் மானயங்குக்கு மேலே இருக்கும் நாரிஸ்டவுன் அளவீட்டு நிலையத்தின் மட்டத்தைக் கைபேசியில் பாருங்கள். தேசிய வானிலைச் சேவை அடுத்த சில மணி நேரங்களுக்கான முன்கணிப்பையும் அதே பக்கத்தில் வரைபடமாகத் தருகிறது. கோடு மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தால், ஒத்திகை ரத்து என்று மையத்திலிருந்து செய்தி வரும் வரை காத்திருக்க வேண்டாம், அன்று போகாதீர்கள். காரையும் கால்வாய் ஓரத்தில் விடாமல் மேட்டுத் தெருவில் நிறுத்துங்கள்.